ஷாசியாவின் காய்ச்சல் அட்டை

என் மனைவியின் தங்கை ஷாசியா காட்டுமன்னார்கோயிலில் கணக்கு டீச்சர். மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுக்குக் காலை நேரங்களில் சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மஞ்சள்காமாலை என்று ஆளாளுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். கடைசியில்தான் தெரிந்தது, அது ஒரு அபூர்வ ரத்த நோய். உடம்புக்குள் கிருமியை அடிக்கிற காவல் படை, ஆள் தெரியாமல் அவளுடைய சிவப்பணுக்களையே அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் படையைக் கட்டிப்போடும் மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுகிறார்கள். மறுபடியும் பள்ளிக்கூடம் போனாள்.

ஆனால் காவலைக் கட்டிப்போட்டால் மூளைக்காய்ச்சல் கிருமிக்குக் கொண்டாட்டம். அதனால் மருந்துக்கு முன்பே தடுப்பூசி போட்டு, ஒரு அட்டையும் கொடுத்திருந்தார்கள். காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று அதில் இருந்தது.

போன நோன்பில், சாயங்கால அஸர் தொழுகை முடிந்த நேரம், அவளுக்குக் குளிர்காய்ச்சல். நான்தான் பெரிய மேதாவி போலப் பேசினேன்.

"மக்காவுக்கு உம்ரா போறப்ப நாங்களும் இதே ஊசிதான் போட்டுக்கிட்டோம். அப்புறம் என்ன பயம்? ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படு."

"ஊசி போட்டாலும் வரும் மச்சான். உங்களுக்குக் காவல் இருக்கு, எனக்கு இல்ல. வண்டிய எடுங்க."

தண்ணீர் குடித்து நோன்பை முறித்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. இளம் டாக்டர் ஒருவர் பார்த்தார். "வைரல் ஃபீவர்தாம்மா. காலையில வாங்க."

நான் எழுந்துவிட்டேன். அவள் அசையவில்லை. அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

"இதுல என் டாக்டர் நம்பர் இருக்கு சார். பேசிப் பாருங்க. அவுங்க சொல்ற ஊசியப் போடாம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் போன் செய்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே நர்ஸைக் கூப்பிட்டார்.

ரத்தப் பரிசோதனையில் அதே கிருமி. மூளைக்கு ஏறுவதற்குள் அன்றைக்கே போட்ட கிருமிக்கொல்லி ஊசி முந்திக்கொண்டது, அல்ஹம்துலில்லாஹ்.

நாலாம் நாள் அந்த டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். "அன்னிக்கு நான் சொன்னதக் கேட்டு நீங்க வீட்டுக்குப் போயிருந்தா..."

"போயிருக்க மாட்டேன் சார்."

நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். வீட்டிலேயே படு என்று அவருக்கு முன்பே சொன்னவன் நான் அல்லவா. என் பேச்சைக் கேட்காத பெண் ஒருத்தி எங்கள் வீட்டில் இருக்கிறாள் என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.