திருப்பிப் போட்ட நைட்டி

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு கெட்ட பெயர் கிடைத்தது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் உள்ள பையோடு சேர்ந்தே வந்தது!

கொண்டுவந்தவர் சேவூர் சின்னத்தை. என் மாமியாரின் தங்கை. அக்காவைப் பார்க்க பஸ் ஏறி எங்கள் பனியன் ஊர் ராயபுரத்துக்கு வந்தவர், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். அக்காவின் நைட்டி உள்பக்கம் வெளியே இருந்தது. தையல், லேபிள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. என் பக்கம் திரும்பினார்.

"ஏனம்மிணி, நைட்டியைத் திருப்பிப் போட்டு உட்டிருக்கறயே... பார்த்துப் போடறதுக்கு ஊட்டுல ஆளில்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் கையைக் காட்டி என்னை அமர்த்திவிட்டார். அவர் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த நைட்டியின் கதை.

கோடை தொடங்கும்போது மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. எலும்பு ரொம்ப மெலிந்திருப்பதால் உடனே காலை ஊன்றக்கூடாது, சில வாரம் படுக்கைதான் என்றார் டாக்டர். எண்பதை நெருங்கும் வயது. கூடவே சர்க்கரை.

யார் பார்த்துக்கொள்வது? இதிலென்ன சந்தேகம், மருமகள்தானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்து முந்தானையை இழுத்துச் செருகினேன். என் கணவர், "நீ நகரு புள்ள, எங்கம்மாவை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தவர். இன்று வீட்டுக்குப் பின்னாலேயே சின்னதாக ஒரு செக்கிங் யூனிட் வைத்திருக்கிறார். துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஃப்ரிட்ஜில் கண்ணெதிரே இருக்கும் தயிரைக் கண்டுபிடிக்க மாட்டார். இவராவது, நர்ஸ் வேலை பார்ப்பதாவது...

பார்த்தார். வீட்டுக்கு வந்து கவனித்துவிட்டுப் போகும் ஸ்டெல்லா சிஸ்டர்தான் அவருக்கு டீச்சர். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பெற்றோர் பனியன் வேலைக்கு இங்கே வந்தவர்கள். இவர் நர்சிங் படித்தார்.

"வயசானா தோலு மெலிஞ்சிரும்ணே, அடியில சதையும் இருக்காது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும். சுகர் இருக்கதால அம்மாவுக்குப் புண்ணு வந்தாலும் வலி தெரியாது, நாமதான் தெனமும் முதுகப் பாக்கணும். நம்ம நெறத்துக்குச் செவப்பு தெரியாது. கருத்தாப்புல இருக்கும், தொட்டா சுடும். அப்படி இருந்தா தேய்ச்சிராதிய, எனக்குப் போன் போடுங்க, கேட்டியளா?"

என் கணவர் பள்ளிப் பையன் போலத் தலையாட்டினார்.

முதல் சில நாட்கள் மாமியார் கண்ணை இறுக மூடிக்கொள்வார். பெற்ற பையன் உடம்பு துடைத்துவிடுகிறானே என்ற கூச்சம். இவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நூல் விலை ஏறியதைப் பற்றிப் பேசிக்கொண்டே துடைத்தார். அம்மாவும் நூல் விலையைத் திட்டிக்கொண்டே துடைக்க விட்டார்.

ஒருநாள் காலை, துடைக்கும்போது இவர் கை நின்றுவிட்டது. இடுப்புக்குக் கீழே, முதுகுத்தண்டு முடியும் இடத்தில் தோல் கருத்திருந்தது. தொட்டால் சூடு. போன் போட்டதும் ஸ்டெல்லா வந்து பார்த்தார். முகம் மாறியது.

"படுக்கைப் புண்ணு ஆரம்பிக்கு. ராத்திரியில ஒழுங்கா திருப்புதியளாண்ணே?"

"திருப்பறனுங்க சிஸ்டர். ஒருவாட்டி கூட உடலீங்க."

எனக்குத் தெரியும், அவர் சொன்னது நிஜம். கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு, அலாரம் வைத்துப் படுப்பவர். ஸ்டெல்லாவும் நம்பினார். ஆனால் தோல் கிழிந்துவிட்டால் சர்க்கரை உடம்பில் ஆறுவது கஷ்டம், திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. "எங்க தப்பு பண்றேன்னே தெரியல புள்ள" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் ஒரு ஆண்பிள்ளை இப்படித் தவித்து நிற்பதைப் பார்ப்பது சாதாரண விஷயமில்லை.

மறுநாள் யூனிட்டிலிருந்து ஒரு டியூப்லைட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். செக்கிங் டேபிளில் துணியைப் பார்ப்பது போல அம்மாவின் முதுகை வெளிச்சத்தில் பார்த்தார்.

"இங்க வா புள்ள. இது கோடு."

"எதுங்க?"

"கருத்திருக்கறது நேர்கோடாட்ட இருக்குது பாரு. உடம்புல எங்காச்சும் நேர்கோடு வருமா? என்னமோ அச்சு வெச்சிருக்குது."

அம்மாவுக்கு அடியில் கையை விட்டு பெட்ஷீட்டைத் தடவினார். கை ஓர் இடத்தில் நின்றது. ஒட்டுத் தையல்!

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஊரில் பனியன் வேலை பார்க்கும் குடும்பங்களில் பெட்ஷீட்டைக் காசு கொடுத்து வாங்குவது கிட்டத்தட்ட கௌரவக் குறைச்சல். கட்டிங்கில் மிஞ்சிய துணிகளை ஓவர்லாக் மிஷினில் ஒட்டுப் போட்டால் பெட்ஷீட். மெத்தென்று இருக்கும், பல வருடம் உழைக்கும். மாமியார் தன் டெய்லர் காலத்தில் தைத்த ஷீட் அது. ஆஸ்பத்திரிக்குக்கூட அதைத்தான் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்தோமே தவிர, அதில் ஓடிய தையல் எங்கள் கண்ணில் படவே இல்லை. பிறந்ததிலிருந்து இப்படிப்பட்ட ஷீட்டில்தானே படுக்கிறோம்?

ஸ்டெல்லா வந்து தடவிப் பார்த்தார். "அட, ஆமாண்ணே! நானும் சுருக்கத்தத்தான பாத்தேன்."

ஷீட்டை எடுக்க வேண்டும். மாமியாரிடம் யார் சொல்வது? கைத்தொழில் கர்வம் உள்ள மனுஷி. இவர்தான் மெதுவாகச் சொன்னார்.

"என்ற தையலா என்னைய அமுக்குச்சு?" மாமியார் ஷீட்டின் ஓரத்தை வாங்கி விரலால் நெருடிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "தையல்ல ஒரு கொறையும் இல்ல சாமி. தோலுக்குத்தான் வயசாயிப்போச்சு. எடுத்துரு."

அன்று மதியமே ஒட்டில்லாத துணி வந்தது. குழாய் போலப் பின்னிய பனியன் துணியை ஒரு பக்கம் வெட்டி விரித்தால், கட்டில் அகலத்துக்கு ஒரே துண்டு. அதோடு விட்டாரா? நைட்டியிலும் தையல் இருக்கிறதே என்று அதையும் உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுவிட்டார். ஸ்டெல்லா சொன்னபடி அந்த இடத்தில் பாரம் விழாமல் ஒருக்களித்தே படுக்க வைத்தார். முட்டையும் பருப்பும் மறக்காமல் ஊட்டினார். கருப்பு கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. தோல் கிழியவே இல்லை.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து இவரைக் கேலி பேசியே பழகிய எனக்கு, இதை எழுதும்போது கேலியே வர மாட்டேன் என்கிறது. தாயைக் கவனிக்கும் மகன்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிவிட்டு, மற்றதை வீட்டுப் பெண்களிடம் விட்டுவிடுவார்கள். முதுகைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

சரி, சின்னத்தைக்கு வருவோம்.

"அவ போடல," என்றார் மாமியார். "எம்பையன் போட்டு உட்டான்."

"பையனா?" சின்னத்தைக்கு நெஞ்சில் கை போய்விட்டது. "ஆம்பளப்பையனையா இதையெல்லாம் செய்ய உடறீங்க?"

மாமியார் என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, என்னைய ஒருபக்கமாத் திருப்பு. நைட்டியைச் சித்தெ மேல தூக்கு."

திருப்பினேன். சின்னத்தை குனிந்து பார்த்தார்.

"நல்லாப் பாரு. எங்காச்சும் ஒரு பொட்டுக் கறை இருக்குதா? எம்பையன் செக்கிங் பண்ணிப் பாஸ் பண்ணுன முதுகு!"

சின்னத்தை தானே நைட்டியைக் கீழே இழுத்துவிட்டார், உள்பக்கம் வெளியே இருந்தபடியே. அறை வாசலில் நின்று கேட்ட என் கணவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார்.

தயிரை மட்டும் இன்னும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.