பாடத்துக்கு வாங்கிய மடவை மீன்

அன்று வகுப்பில் விஞ்ஞான வாத்தியார் இருந்தார். அவர் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் இருந்தார். நாலாம் பாரத்துப் பையன்களும், பியூனாகிய நானும் இருந்தோம்.

மீனை அறுத்துப் பார்க்கும் பாடம். கடப்பாக்கத்திலிருந்து பத்து மடவை வாங்கி வந்தது நான்தான். நாறக்கூடாதே என்று செதில் சீவி, குடலெடுத்து, உப்பும் தேய்த்து வைத்தேன்.

வாத்தியார் மூடியிருந்த இலையை எடுத்தார். மீன்கள் குழம்புக்குத் தயாராகக் கிடந்தன. அவர் முகம் வெளுத்தது.

"யோவ், குடல் எங்கய்யா?"

"கொல்லையில கொட்டிட்டேன் சார். காக்கா துன்னுகினு கீது."

இன்ஸ்பெக்டர் குலுங்கிச் சிரித்தார். "இன்னாத்துக்குடா நின்னுகினு கீறீங்க? ஓடுங்கடா!" என்று பையன்களை விரட்டி, வேட்டியை மடித்துக்கட்டி அவரே முன்னால் கொல்லைக்கு ஓடினார்.

கிடைத்ததைக் கழுவி மேசையில் வைத்துப் பாடம் நடந்தது. வாத்தியார் வேலையும் தப்பியது. நான் குப்பையென்று வீசியதில்தான் படிப்பு இருந்தது என்று அன்று தெரிந்துகொண்டேன். காக்கைகளிடமிருந்து மீட்ட குடல் மூன்று.