ஷைனி ஏன் அடுக்களைக்குப் போகவில்லை?

பக்கத்து வீட்டு ஷைனி, பத்தாம் வகுப்பு, மூன்று நாளாக அடுக்களைக்குள் கால் வைக்கவில்லை. அவள் அம்மா லில்லி என்னிடம் வந்து புலம்பினாள்.

“ஒரு கிளாஸ் வெள்ளம் எடுக்கக்கூட உள்ள வரமாட்டேங்கா சேச்சி. பேய் கீய் பிடிச்சிருக்கோ என்னமோ. நீங்க ஒண்ணு கேட்டுப் பாருங்க.”

பேயா? இந்தக் காலத்துப் பிள்ளையையா? பேய்தான் பயந்து ஓடும்!

ஷைனியைக் கூப்பிட்டுக் கேட்டேன். பேய் இல்லையாம்... பிளஸ் ஒன் பையனாம். காதல்! இருவரும் போனில் லைவ் லொக்கேஷன் ஷேர் செய்திருக்கிறார்கள் — ஒருவர் எங்கே இருக்கிறார் என்று மற்றவருக்கு இருபத்துநாலு மணி நேரமும் தெரியும்.

இங்கேதான் எங்கள் பாறசாலை எல்லையின் மகிமை. முன்னறையில் இருந்தால் போன் கேரளத்தில் இருக்கும். அடுக்களைக்குப் போனால் தமிழ்நாட்டு டவரைப் பிடித்து ‘களியக்காவிளை’ என்று காட்டும். இவள் உள்ளே சாளை மீன் வெட்டிக்கொண்டிருக்க, அவன் அங்கே கொதித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“எவன்கூட களியக்காவிளைக்குப் போனேன்னு கேக்கான் ஆன்றி. அடுக்களையிலதான் இருக்கேன்னு சொன்னா நம்பமாட்டேங்கான். அதான் அங்க போறதையே விட்டுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மீன் வெட்டப் போனவள் மேல் மாநிலம் விட்டு ஓடிய கேஸா!

“சிரிக்காதீங்க. அவனுக்கு எம்மேல அவ்வளவு சினேகமாக்கும்” என்று கையை ஆட்டினாள். மணிக்கட்டில் நாலு விரல் தடம். ஓரமெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

சிரிப்பு போயே போய்விட்டது. “இது என்னடி?”

“பஸ் ஸ்டாப்புல வெச்சு... போனைக் காட்டுன்னு பிடிச்சு முறுக்கினான். பிறகு ஸாரி சொல்லி ஐஸ்கிரீம் வாங்கித் தந்தான்.”

கையை முறுக்கினால் ஐஸ்கிரீம். காலை முறித்தால் என்ன, ஃபலூடாவா? பதினைந்து வயசுப் பிள்ளைக்கு இதுதான் சினேகம் என்று யார் சொல்லிக் கொடுத்தது?

“அம்மைகிட்ட சொல்லிராதீங்க ஆன்றி...”

“நான் சொல்லலை. நாம ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம், வா” என்று இழுத்துக்கொண்டு போனேன்.

லில்லி கத்துவாள், போனைப் பிடுங்குவாள் என்றுதான் நினைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவள் அந்தக் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள். “உனக்க மேல ஒரு தப்பும் இல்ல மக்கா” என்றாள். பிறகு மகளின் போனை வாங்கி அவனையே அழைத்தாள்.

“எலே, ஷைனிக்க அம்மையாக்கும். நாளைக்கு உனக்க அம்மையையும் கூட்டிட்டு ஸ்கூலுக்கு வா. நானும் வாறேன். அது கிடக்கட்டும், இப்ப நீ எங்க நிக்கே?”

லைன் கட்!

ஷைனி போனை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் குபீரென்று சிரித்துவிட்டாள்.

“ஆன்றி... அவன் லொக்கேஷனை ஆஃப் பண்ணிட்டான்!”