கம்பளி பாவாவின் காய்ச்சல்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்பளி பாவா பத்து வருஷமாகக் குடியிருந்தார். மந்திரித்துக் கயிறு கட்டுவார். அவர் எந்த மதம் என்று யாரும் கேட்டதில்லை. மேலத்தெரு முஸ்லிம்கள் காலையிலும், கீழத்தெரு கிறிஸ்தவர்கள் மத்தியானத்திலும் சோறு அனுப்பினார்கள்.

1927இல் ரம்ஜானும் கிறிஸ்தவர்களின் தபசுக் காலமும் ஒரே மாதத்தில் வந்து தொலைந்தன. பாவாவும் நம்மோடு நோன்பிருப்பார் என்று இரண்டு தெருவும் தூக்குச்சட்டியை நிறுத்திவிட்டன. பொழுது சாய்ந்தால் கஞ்சி வந்தது. பகல்தான் அவரைக் கொன்றது. மகான் பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

மூன்றாம் நாள், எதிர்வீட்டு அக்தரி பேகம் யாரிடமோ, "சீக்காளிக்கு நோம்பு இல்ல" என்று சொன்னது காதில் விழுந்தது. உடனே பாவா கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டார். ஊர் நோயைத் தன்மேல் வாங்கிக்கொண்டார் என்று இரண்டு தெருவும் உருகின. ரசஞ்சோறும் ரொட்டியும் வேளை தவறாமல் வந்தன.

பெருநாளன்று பிரியாணி மணத்ததும் காய்ச்சல் விட்டது.

பேகமே தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கறி நாலு துண்டு ஜாஸ்தி.

"வர்ற வருஷமும் இந்தக் காய்ச்சல் வருமா பாவா?" என்றாள், சிரிக்காமல்.

பாவா எலும்பைக் கீழே வைத்தார்.

"நோம்புப் பிறை தெரிஞ்சதும் சொல்லி அனுப்பும்மா."