காதில் மாட்டிய கிளிப்பும் பத்தொன்பது படிகளும்

எங்கள் வீட்டு மாடிக்குப் பத்தொன்பது படிகள். வீட்டுக்காரர் பதினெட்டு என்பார். தெருவோரத்து முதல் படியை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். அதில்தான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். கல்லல் பக்கத்து வயல்களில் விளைச்சலை அளப்பது, மழைமானியில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பது, எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி மேலே அனுப்புவது. ஓய்வு பெற்றதும் எண்ணுவதற்கு யாரும் எதையும் தரவில்லை. தலை மட்டும் வேலையை விடவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணும். எதிரில் பேசுகிறவர் எத்தனை தடவை ‘அதாவது’ சொல்கிறார் என்று எண்ணும். குடி முன்பே இருந்தது. இந்த வருடங்களில்தான் அது பெருத்தது.

அறுபதாம் கல்யாணத்தைப் பிள்ளையார்பட்டியில் வைத்திருந்தோம். அன்று காலையிலேயே நான் கொஞ்சம் போட்டிருந்தேன். மாலையை மனைவியின் கழுத்தில் போடுவதற்குப் பதிலாகப் பக்கத்தில் நின்ற நாதஸ்வரக்காரர் கழுத்தில் போட்டுவிட்டேன். பாவம், அவர் ஊதுவதை நிறுத்தவில்லை. புகைப்படத்தில் நாங்கள் இருவரும் பொருத்தமாகவே இருக்கிறோம்.

பத்து வருடம் அதைப் பற்றி மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுபது நெருங்கி, பிள்ளைகள் பீமரத சாந்திக்கு நாள் குறித்த அன்றுதான் வாயைத் திறந்தாள்.

“மறுபடி தாலி கட்டிக்கிறதுன்னா தெளிஞ்ச மனுசன்கிட்டத்தான் கட்டிக்குவேன். இல்லைன்னா மணையில நீங்களும் பிள்ளையாருமா உக்காருங்க. நான் வரலை.”

அவள் சொன்னால் சொன்னதுதான். நாள் எண்ணினேன். அறுபத்தெட்டு இருந்தது.

நூறடி ரோட்டில் இருந்த ஒரு சிறிய மனநல மருத்துவமனையில் சேர்ந்தேன். முதல் ஒன்பது நாள் படுக்கவைத்து, நடுக்கம் அடங்க மருந்து கொடுத்தார்கள். அதன் பிறகு வீட்டிலிருந்தே வந்துபோகலாம் என்று சொல்லி, மருத்துவர் ஒரு கருவியைக் காட்டினார். என் மகளைவிடச் சின்னப் பெண். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளை நெற்றியில் வைத்து ஒரு பட்டையால் கட்டினார். இடது காதின் மடிப்பில் ஒரு கிளிப்பை மாட்டினார். பட்டை மூளைக்கு, கிளிப் காது வழியாகப் போகும் நரம்புக்கு. இரண்டிலும் மிகச் சிறிய மின்சாரம் போகும். எறும்பு கடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பது போல இருக்கும்.

“குணமாயிருமா?” என்றேன்.

“இது இன்னும் சோதிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கிற முறைதான், ஐயா. சில பேருக்குத் தவிப்பு குறையுது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. கருவி மட்டும் போதாது, கூடவே பயிற்சியும் செய்யணும்.”

வாரத்துக்கு இரண்டு அமர்வு. பயிற்சி இதுதான்: கருவி ஓடும் இருபது நிமிடமும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். குடிக்க வேண்டும் என்ற தவிப்பு வந்தால் அதை விரட்டவும் கூடாது, அதன் சொல்படி நடக்கவும் கூடாது. அது உடம்பில் எங்கே இருக்கிறது, எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று சும்மா பார்க்க வேண்டும்.

முதல் நாள் முடிந்து கண்ணைத் திறந்தேன். பஞ்சிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகி வலது கண் எரிந்தது.

“எப்படி இருந்துச்சு?”

“இருநூத்தி எண்பத்தேழு.”

“என்னது?”

“மூச்சு. நடுவுல ஒரு தும்மல். அதை உள்மூச்சுல சேக்குறதா வெளிமூச்சுல சேக்குறதான்னு நீங்க சொல்லலையே.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “எண்ண வேணாம் ஐயா. கவனிச்சாப் போதும்.”

எண்ணாமல் எப்படிக் கவனிப்பது என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. இரண்டாம் நாள் இருநூற்று எழுபத்தொன்று. மூன்றாம் நாள் எண்ணவில்லை என்று பொய் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், உதடு அசைந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

தவிப்பைக் குறித்துக்கொள்ள ஒரே ஒரு தாள் கொடுத்திருந்தார். எனக்கு அது போதவில்லை. நீள நோட்டு ஒன்று வாங்கி ஏழு கட்டம் போட்டேன்: தேதி, நேரம், இடம், உடம்பில் எங்கே, பத்துக்கு எத்தனை, எத்தனை நிமிடம், குறிப்பு. முதல் வாரம் நோட்டு அமோகமாக நிறைந்தது. ஒரு நாளில் பதினாறு தவிப்பு கூட வந்தது. எட்டாவது அமர்வுக்குப் பிறகு நாலாகக் குறைந்தது. பிறகு இரண்டு. பன்னிரண்டாவது முடிந்த வாரம் செவ்வாய் காலி. புதனும் காலி. வியாழன் மாலை ஐந்து மணி வரை காலி.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் துறையில் கட்டத்தைக் காலியாக விட்டவன் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். மழையே பெய்யாத மாதத்துக்கும் இன்மை அறிக்கை அனுப்பியவர்கள் நாங்கள். தவிப்பு உண்மையிலேயே வரவில்லையா, வந்தும் நான் கவனிக்கவில்லையா? மூன்று நாள் விவரம் இல்லாமல் மருத்துவர் முன்னால் எந்த முகத்தோடு போய் உட்காருவது? கள ஆய்வு செய்வதென்று முடிவு செய்தேன். சாந்திக்கு இன்னும் ஒன்பது நாள்.

அரசு மதுக்கடைக்கு எதிர்ப்பக்கம் இளநீர் வண்டி அருகே, ஐந்து நாற்பதுக்கு, நோட்டும் கையுமாக நின்றேன். கடைக்குள் போனவர்களை எண்ணினேன். முப்பத்து நாலாவது ஆள் வெளியே வந்து பாட்டிலை இடுப்பில் செருகிச் சட்டையை இழுத்துவிட்டார். அந்த இழுத்துவிடுகிற அசைவு எனக்கு அத்தனை பழக்கம்.

அப்போது வந்தது. நாக்குக்கு அடியில் தொடங்கித் தொண்டை, நெஞ்சு, உள்ளங்கை. பத்துக்கு எட்டு என்று எழுதப் போனேன், பேனா பிடிபடவில்லை. கால் தானாக நடந்து ரோட்டின் நடுக்கோட்டுக்கு வந்திருந்தது. ஆய்வெல்லாம் போய்விட்டது. ஒன்றே ஒன்று போட்டால் யாருக்குத் தெரியும் என்று எனக்குள் ஒருவன் மிக மரியாதையாகக் கேட்டான்.

ஒரு லாரி ஹாரன் அடித்தது. கை என்னையறியாமல் இடது காதுக்குப் போயிற்று. கிளிப் அங்கே இல்லை, மருத்துவமனையில் இருந்தது. ஆனாலும் காதைத் தொட்டதும் மூச்சு ஞாபகம் வந்தது. பின்வாங்கி இளநீர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகிற மூச்சு. வெளியே வருகிற மூச்சு. தவிப்பு ஏறியது, அங்கேயே நின்றது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. எத்தனை நிமிடம் ஆனது? தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“மச்சான், இங்குட்டு நின்னு என்ன பண்றீக?”

மனைவியின் தம்பி பைக்கில் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தான்.

“ஆய்வு” என்றேன்.

“ஆய்வா! நடக்கட்டும், நடக்கட்டும்” என்று கடையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

அதுகூட என்னைத் தொடவில்லை. தலைக்குள் ஓர் அமைதி. பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ அணைத்தது போல. வீடு வந்து, மாடி ஏறி, சிரித்த முகத்தோடு உள்ளே போனேன். மனைவி கதவருகே நின்றிருந்தாள்.

“குடிச்சிட்டு வந்திருக்கீக.”

“இல்லவே இல்லை. வேணும்னா ஊதிக் காட்டுறேன், மோந்து பாரு.”

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. மூக்கில் சதை எடுத்த நாளிலிருந்து அவளுக்கு வாசனை தெரியாது.

“தம்பி போன்ல சொல்லிட்டான், கடை வாசல்ல நின்னீகன்னு.”

“நின்னேன். குடிக்கலை. இந்தா பாரு நோட்டை.”

“மழை நோட்டும் நீங்க எழுதுனதுதானே? கல்லல்ல பெய்யாத மழையை இங்குட்டு உக்காந்து எழுதுனதை நான் பாக்கலையா?”

பெய்யாத மழை மூன்று முறை மட்டுமே.

“தம்பி சொன்னதைக்கூட விடுங்க” என்றாள். “படி ஏறுறப்ப ஏன் எண்ணலை? இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருசம். தெளிவா வந்தா ஒண்ணு ரெண்டுன்னு முணங்கிக்கிட்டே ஏறுவீக. போட்டுட்டு வந்தா சத்தமே வராது. எனக்கு மூக்கு இல்லை, காது இருக்கு. இன்னிக்குச் சத்தம் வரலை.”

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். படிகளை எண்ணவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் எதற்காகக் குடித்தேன் என்பதும். ஏன் குடிக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது பதினாலு காரணம் சொல்லியிருந்தேன். பதினைந்தாவதைச் சொல்லவில்லை. குடித்தால் எண்ணிக்கை நிற்கும்.

அவள் நம்பவில்லை. அப்போதே ஆட்டோ பிடித்து என்னை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள், திருடனைப் பிடித்துக்கொடுப்பது போல. மருத்துவர் ஊதும் கருவியை நீட்டினார். ஊதினேன். பூஜ்யம்.

“மிஷின் கெட்டுப் போயிருக்கும்” என்றாள். மருத்துவரை ஊதச் சொன்னாள். பூஜ்யம். தானும் ஊதிப் பார்த்தாள். பூஜ்யம். மூன்று பூஜ்யங்களையும் நான் எண்ணினேன், வாய்க்குள்ளே.

“அப்ப ஏன் எண்ணலை?” என்று மருத்துவரிடம் கேட்டாள். “இது குணமா, புதுசா ஒரு சீக்கா?”

நடந்ததை எல்லாம் சொன்னேன், பதினைந்தாவது காரணம் உட்பட. மருத்துவர் முதலில் சிரித்தார். அப்புறம் கோபமாகத்தான் பேசினார். “கடை வாசல்ல போயி சோதிக்கிற வேலையெல்லாம் வேணாம் ஐயா. இன்னிக்குத் தப்பிச்சீங்க, அவ்வளவுதான். கட்டம் காலியா இருந்தா காலியாவே விடுங்க.”

திரும்பும் வழியில் ஆட்டோவில் மனைவி கேட்டாள்:

“இந்த எண்ணுறதை நிறுத்தத்தானா இத்தனை வருசம் குடிச்சீக?”

“தெரியலை. அப்படித்தான் போல.”

“எங்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டு தட்டு தட்டி நிறுத்தியிருப்பேன்ல” என்றாள். பிறகு, “மணையில உக்காருறேன். ஆனா படியில மட்டும் சத்தம் குடுத்துக்கிட்டே வாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

இப்போதும் தவிப்பு வருகிறது. மாத்திரை உண்டு. காலையில் மூச்சைக் கவனிப்பதும் உண்டு, சில நாள் நூறு வரை எண்ணிவிட்ட பிறகுதான் எண்ணுகிறேன் என்பதே தெரியும். படி ஏறும்போது அவளுக்காக உரக்கவே எண்ணுகிறேன்.

சாந்தி அன்று நாதஸ்வரக்காரர் தூணுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றார். பழைய ஆளேதான். மாலை சரியான கழுத்தில் விழுந்தது. தாலியை வாங்கிக் குனிந்தேன். பயிற்சியில் சொன்னபடி எல்லாவற்றையும் கவனித்தேன்: மஞ்சள் கயிற்றின் ஈரம், கழுத்தோரத்து வேர்வை, என் விரலில் ஒட்டிய மஞ்சள். விரல் தன்பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே போயிற்று. அவள் கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மூணு ஆச்சு, விடுங்க” என்றாள் மெதுவாக. “இதையாச்சும் எண்ணக் கூடாதா?”