செஞ்சிவரை கல்லாக இருந்த டயர்கள்

காலை ஒன்பது மணி, திண்டிவனம். வளைகாப்பு முடிந்த தங்கை மலரை அவலூர்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். கார் ஓட்டுவது அவள் கணவர் சேகர். மைலேஜ் என்றால் உயிரை விடுவார். கார்க் கதவோரம் ஒட்டியிருந்த தாளில் காற்றழுத்தம் முப்பத்து மூன்று என்றிருக்க, பெட்ரோல் பங்கில் நாற்பத்திரண்டு காற்று பிடிக்கச் சொன்னார்.

"தூக்கித் தூக்கிப் போடுதுங்க. கொஞ்சம் இறக்குங்களேன்," என்றாள் மலர்.

"டயர் கல்லு மாதிரி இருந்தாதான் வண்டி சும்மா உருளும். இன்னா மச்சான்?"

காற்று குறைந்தால் டயர் சூடேறும், பெட்ரோலையும் குடிக்கும். அதுவரை அவர் சொல்வது சரி. ஆனால் காற்று அளவு மிஞ்சினால் டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையில் பதியும், பிடிமானம் போய்விடும் என்றேன். சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

செஞ்சிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். பாதி வழியில் பருவம் தப்பிய தூறல். இந்தப் பக்கம் உளுந்துச் செடியைப் பிடுங்கிவந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகளே மேலே ஏறிப் பயறை அடித்துக் கொடுத்துவிடும். ஒரு வளைவில், நனைந்த செடியை ஒரு பெண் அவசரமாக வாரிக்கொண்டிருந்தார். சேகர் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. செடிமேல் வழுக்கி, அந்தப் பெண் துள்ளி விலகிய இடத்தைக் கடந்து, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பின்சீட்டில் கண்ணாடி நொறுங்கிய சத்தம். பிள்ளை பிறக்கும்வரை கழற்றக்கூடாத வளைகாப்பு வளையல்கள். மலர் வயிற்றைப் பிடித்திருந்தாள். மணிக்கட்டில் ரத்தம்.

"வாயும் வயிறுமா ஒரு பொண்ண வெச்சிக்கினு இன்னாய்யா இப்படி வர்ற?" வாரிய செடியோடு ஓடிவந்து கத்தினார் அந்தப் பெண்.

பத்தரை மணிக்குச் செஞ்சி. மருத்துவமனையில், குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். கோட்டை மலை மேகத்துக்குள் கிடந்தது. ஏறிட்டுப் பார்க்கவும் எனக்கு மனமில்லை. பஞ்சர் கடையில் சேகர் நான்கு டயரையும் முப்பத்து மூன்றுக்கு இறக்கினார்.

"காத்த இறக்கிட்டேன் மலர். ஏறு."

"நான் சொன்னப்ப இறக்கலியே. நீங்க வண்டில வாங்க. நான் பஸ்ல போறேன்."

அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பேருந்து நின்ற ஊரிலெல்லாம் பின்னால் காரும் நின்றது. இப்படி நின்று நின்று ஓட்டினால் மைலேஜ் என்ன ஆகும் என்று அன்று அவர் யோசித்திருக்கமாட்டார். மலர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

அவலூர்பேட்டையில் அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். முதலில் மலரின் வளையல் உடைந்த கையைத்தான் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டார்.