மயிலுக்குத் தட்டிய தகரம்

எங்கள் மாட்டுக்கொட்டிலில் ஒரு நெய் டின் தொங்குகிறது. ஒரு பக்கம் நெளிந்து, விளிம்பு துருவேறி, காற்றடித்தால் தானாகவே முனகும். என் அக்காவைக் கட்டிய அத்தான், விமான நிலையத்தில் பறவை விரட்டிய காலத்தில் தட்டியது. நான் அங்கேயே புல் அறுத்தேன். இருவருக்கும் சம்பளத்துக்குக் கைநாட்டுதான்.

சாயங்கால விமானம் வரும் நேரம் ஒரு மாதிரியானது. வெயில் மஞ்சளாகி, ரன்வே தாமிரபரணி வெள்ளம் போல ஓடுவதாகத் தெரியும். அந்த வெள்ளத்தைக் குறுக்குத்துறைப் படித்துறையில் நின்று பார்த்த கதை வேறு. மயில்கள் அதில் இறங்குவது போல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வரும். மற்ற நாளெல்லாம் அத்தான் வெடி போட்டு விரட்டுவார். மாதக் கார்த்திகையன்று மட்டும் போடமாட்டார். முருகன் வாகனத்தை அன்றைக்கு மிரட்டினால் கை விளங்காது என்பார். தகரத்தை விரலால் தட்டி, "பைய போங்கய்யா, பிளேன் வருது" என்று கெஞ்சுவார்.

"அது என்ன உங்க மாமனாரா, இம்புட்டு மரியாத குடுக்கீய?" என்பேன்.

"உங்க அப்பாவ விட இது சொன்ன பேச்சு கேக்கும்லே மாப்ள."

ஒரு கார்த்திகையன்று ஒரு மயில் கேட்கவில்லை. இறங்க வந்த விமானம் மறுபடி மேலேறி, வட்டம் போட்டு வந்தது. மயில் நிற்கிற ரன்வேக்கு இனி சாயங்காலம் வரமாட்டோம் என்று விமானக் கம்பெனி எழுதிவிட்டது. சீட்டு நிறையவில்லை, விமானத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோகப் பார்க்கிறீர்கள், மயில் மேல் பழி போடாதீர்கள் என்று நிலையத்தார் பதில் எழுதினார்கள். அந்த விமானம் நின்றால் எங்கள் வேலையும் நிற்கும்.

இரண்டு தரப்பும் சேர்ந்து விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் அத்தானிடம் சொன்னேன்: "மயிலே வரலன்னு சொல்லிருங்க. பைலட் சொல்லுதது ஒண்ணு, நீங்க சொல்லுதது ஒண்ணுன்னு போயிரும்." அவர் தகரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ரன்வே ஓரம் நின்று கேட்டார்கள். "நின்னுச்சு ஐயா. கார்த்திகை, அதனால நான் வெடி போடல" என்றார் அத்தான். நிலையத்து அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனிக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இல்லன்னு சொல்லியிருக்கலாமே?" என்று மெல்லக் கேட்டார். அத்தான் வேலியோரம் நின்ற மயிலைக் கைகாட்டினார். "அதா, அங்கன நின்னு கேட்டுக்கிட்டுல்லா இருக்கு."

அந்த மாதமே விமானம் நின்றது. அத்தானும் நானும் வெளியே வந்தோம். ஒரு வருடம் அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினேன், ஆனால் அந்த நாளைப் பற்றி இருவரும் பேசவில்லை. மயிலே இல்லாத ஊர்களிலும் அந்தக் கம்பெனி விமானங்களை நிறுத்திவிட்டதாகப் போன மாதம் மகள் பேப்பரை வாசித்துச் சொன்னாள். போய்ச் சொல்ல அத்தான் இல்லை.

நேற்று கார்த்திகை. சாயங்காலம் எங்கள் உளுந்து வயலில் ஒரு மயில் வந்து நின்றது. தகரத்தை இறக்கினேன். தேடி எடுத்த குச்சியைக் கீழே போட்டுவிட்டு, விரலால் தட்டினேன். மயில் என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, எதுவோ வரவேண்டிய நேரம் என்பது போல, வானத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றது.